சந்தனம் பூசிய ரேடியோ

எங்கள் லோடு வண்டிக்கு வயதாகிவிட்டது. கதவை வேகமாகச் சாத்தினால் கண்ணாடி தானாகக் கீழே இறங்கும். அதையெல்லாம் நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ரேடியோ டிஸ்ப்ளேதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. எண்கள் பாதி எரியும், திடீரென்று மொத்தமும் அணையும், பாட்டு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டுத்தான் கேட்கிறதே என்று என் வீட்டுக்காரர் விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். அவர் விடமாட்டார். ஓட்டிக்கொண்டே குனிந்து, இடது கையால் அதை இரண்டு தட்டுத் தட்டுவார். எண்கள் வரும்வரை கண் அதிலேயே இருக்கும்.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறிக் கேரளா போகிறவர் அவர். அந்தக் கொண்டை ஊசி வளைவில் இந்த மனுசன் குனிந்தால் என்ன ஆகும்? நினைத்தாலே எனக்கு அடுப்படியில் கால் நிற்காது, வாசலில் உட்காரவும் முடியாது. குழம்பில் உப்பை இரண்டு முறை போட்டுவிட்டு முழித்திருக்கிறேன்.

"யார் கண்ணோ பட்டுருச்சு புள்ள," என்று ரேடியோவின் குமிழில் ஒரு கறுப்புக் கயிற்றைக் கட்டினார். கடையில் கொடுங்கள் என்றால், "போயிட்டு வாரேன், வந்து பாப்போம்," என்பார். எத்தனையோ முறை போய்விட்டு வந்தார், பார்க்கத்தான் இல்லை.

ஒருநாள் மத்தியானம் லோடுக்குக் கிளம்பும் முன் அவர் சாப்பிட உட்கார்ந்தார். பொறுக்கமாட்டாமல் நானே வண்டியில் ஏறிவிட்டேன். அந்த ரேடியோவின் ஓரத்தில் ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் முகப்பு மட்டும் தனியாகக் கழன்று கையோடு வந்துவிடும். செல்போன் அளவுதான் இருக்கும். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்துக் குட்டிக் குட்டிக் கம்பிகளின் மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தேன். சந்தனம்!

ஆயுத பூஜையன்று ஸ்டியரிங், கியர், மீட்டர் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தவர், ரேடியோவுக்கு மட்டும் பாசம் பொங்கிப் பட்டையாகவே பூசியிருந்தார். தண்ணீராகக் கரைத்த சந்தனம், சந்து வழியாக உள்ளே இறங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

காயத்துக்கு வாங்கிவைத்திருந்த ஸ்பிரிட்டில் பழைய பல் பிரஷை நனைத்து, மஞ்சள் போகும்வரை தேய்த்தேன். காயவிட்டு மாட்டிச் சாவியைத் திருகினேன். எண்கள் பளிச்சென்று முழுதாக வந்தன.

"கண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் நீங்க அப்புன சந்தனம்," என்றேன். அவர் ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்து, "அட, ஆமா புள்ள!" என்று பல்லைக் காட்டினார்.

எனக்கு அப்போதும் மனசு அடங்கவில்லை. "ஒட்டஞ்சத்திரம் வரைக்கும் நானும் வாரேன்," என்று ஏறிக்கொண்டேன். வழியில் இருக்கும் ரெட்டியார்சத்திரம்கூட வரவில்லை, அவர் கை போனது. குனிந்தார், இரண்டு தட்டுத் தட்டினார். எண்கள் நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தன. எதிரே வந்த பஸ் ஹாரனை அலறவிட்டு உரசுவதுபோலக் கடந்தது.

"இப்ப எதுக்குங்க தட்டுனீங்க?"

"தட்டுனேனா?" என்றார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

மார்க்கெட்டில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தபோது முகப்பைக் கழற்றி என் பையில் போட்டேன்.

"ஏ புள்ள, அது இல்லாம பாட்டே வராதே!"

"எனக்குப் பயமா இருக்குங்க. திரும்பி வந்து வாங்கிக்கங்க," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் பைக்குள் கையை விட்டு அதைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலையில் லோடு இறக்கிவிட்டு போன் செய்தார். "மலையில அம்புட்டுத் தடவ கை போச்சு புள்ள. போற எடத்துல வெறும் ஓட்டைதான் இருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ரோட்டப் பாத்தேன்."

போனை வைத்ததும் முதல் வேலையாக முகப்பை எடுத்துப்போய், பீரோவில் என் சேலைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.