இரண்டாம் பாகம் என்னிடம்

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் நூலகத்தில் நல்ல துப்பறியும் நாவல் கிடைப்பதே அபூர்வம். ஒன்று கிடைத்தது, அதுவும் இரண்டாம் பாகம். வேறு யாரும் கொண்டுபோய்விடக் கூடாதென்று அதையே எடுத்து வந்துவிட்டு, வாராவாரம் போய் முதல் பாகத்தைக் கேட்டேன்.

"அத்த வச்சிக்கினு இருக்கிறவரும் உங்க புக்கைத்தாம்மா கேக்குறாரு. இது வராம அத்தத் தர மாட்டாராம்" என்றார் நூலகர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் இருவரையும் வரச் சொன்னார்.

வந்தவர் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். நகக்கண்ணெல்லாம் சிவப்பு. எனக்கு எதிரே உட்கார்ந்து புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நீ மொதல்ல குடும்மா."

"நீங்க குடுங்கண்ணா."

இருவரும் அசையவில்லை. நூலகர் ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் பூட்டோடு வந்து நின்றார்.

"கொலை பண்ணது யாருன்னு சொல்லிடவா?" என்றேன்.

அவர் முகம் செத்துப்போனது. முதல் பாகத்தை என் பக்கம் தள்ளினார். நானும் என்னுடையதைக் கொடுத்தேன். அதில் ஒரு பக்கம்கூட நான் படித்திருக்கவில்லை.

தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. கொலைகாரன் யாரென்று இனி அவருக்குத்தான் தெரியும். நான் மறுபடியும் அவர் எதிரே போய் உட்கார வேண்டும்.