நடுக் கம்பத்துக்கு நான் சொன்ன சாட்சி

எங்க வீட்டுக்காரருக்குப் பல்லு செய்யிற வேலை. டாக்டர்னு நெனச்சுடாதீங்க. டாக்டருங்க வாயில அளவெடுத்து அனுப்புவாங்க, இவரு லேபுல குனிஞ்சு உக்காந்து அதுக்குப் பல்செட் கட்டுவாரு. முப்பத்தோரு வருசம் இதேதான். எங்க ஊர்ல வயசானவங்க பாதிப் பேரு இவரு கட்டுன பல்லுலதான் சிரிக்கிறாங்க. ஆனா ஒருத்தருக்கும் இவரு யாருன்னு தெரியாது.

வீட்டுக்கு வந்தா கப்பல். பொண்ணு கல்யாணமாகிப் போன மறு வாரமே அவ ரூம்ல மேசையைப் போட்டுட்டாரு. இருநூத்தம்பது வருசத்துக்கு முன்னாடி ஓடுன மூணு கம்பத்துப் பாய்மரக் கப்பல், அறுபத்திநாலுல ஒரு பங்கா சுருக்கி, மூணடி நீளத்துக்கு. அதுல ஒரு மாலுமியை நிக்க வெச்சா என் கட்டைவிரல்ல பாதி உயரம்தான் இருப்பான். கடலை இவரு வாழ்க்கையில ரெண்டே தடவைதான் பாத்திருக்காரு, அதுல ஒரு தடவை படகுல ஏறி என் மடியிலேயே வாந்தி எடுத்தாரு. "ஏங்க, உங்களுக்கும் கப்பலுக்கும் என்னங்க சம்பந்தம்?"னு கேட்டேன். "பல்லைக் கட்டுனா வாய்க்குள்ள போயிடுது. இது வெளியில நிக்கும்ல"ன்னாரு.

எட்டு வருசம். என் குக்கர்ல பலகைச் சீவல் வெந்துச்சு, ஆவியில வளைச்சாதான் கப்பலோட வயித்துக்கு ஒட்டுமாம். பல்லுக்கு அச்சு எடுக்குற மாவுல பீரங்கிக்கு அச்சு எடுத்தாரு. முப்பத்தாறு பீரங்கி என் சமையல் மேடையில வரிசையா காஞ்சிட்டு இருந்துச்சு. "யாரு மேல சண்டைக்குப் போறீங்க? வீட்ல நான் ஒருத்திதான் இருக்கேன்"னு கத்துவேன். காதுல வாங்கிக்க மாட்டாரு. நான் கோபக்காரிதான், ஒத்துக்கிறேன். ஆனா ஒரு பொய் சொல்ல மாட்டேன், எதுவா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன்னு எனக்கு ஒரு பேரு இருந்துச்சு.

அப்புறம் இவரு கதவு நிலையில இடிச்சுக்க ஆரம்பிச்சாரு. டம்ளருக்கு வெளியில தண்ணி ஊத்துவாரு. "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"ன்னு வாய்க்கு வந்தபடி திட்டினேன். இப்ப நெனச்சா நாக்கை அறுத்துப் போட்டுக்கலாம்னு இருக்கு. கண் டாக்டர் ஒரு காகிதத்தைக் காட்டினாரு. சுத்திக் கருப்பா இருந்துச்சு, நடுவுல மட்டும் கொஞ்சம் வெள்ளை. கண்ணுல அழுத்தம் ஏறி ஓரமெல்லாம் செத்துப் போச்சாம். சாவி ஓட்டை வழியா பாக்குற மாதிரிதான் இவருக்குத் தெரியுதாம். "போனது வராதும்மா. மிச்சம் இருக்கிறதை மருந்து போட்டு ஒரு வருசம் இழுத்துப் பிடிக்கலாம். கூடக் கொறைய இருக்கும்"னாரு.

பஸ்ல நான் மூக்கைச் சிந்திட்டே வர்றேன், இவரு விரல் விட்டு எண்ணிட்டு வர்றாரு. "கயிறு மட்டும்தான் பாக்கி. ஒரு வருசம் பத்தும்"னாரு. எங்க ஊர்ல இந்த மாதிரி கப்பல், ரயிலு, விமானம்லாம் செய்யிறவங்க சங்கம் வருசா வருசம் ஒரு ஸ்கூல் ஹால்ல கண்காட்சி வைப்பாங்க. எட்டு வருசமும் இவரு வேடிக்கை பாக்கத்தான் போயிருக்காரு. "அடுத்த தடவை என்னோடது அங்க நிக்கணும். அது நிக்கிறதை நான் பாக்கணும். அப்புறம் கண்ணு போனா போகுது"ன்னாரு. முன் சீட்டுக்காரன் திரும்பிப் பாத்தான்.

கப்பலுக்குக் கயிறு கட்டுறதுல ஒரு கணக்கு இருக்கு. உள்ளேருந்து வெளியிலதான் வரணும். முதல்ல கட்டுன கயித்தை அடுத்த கயிறு மறைச்சுடும், அதை இன்னொண்ணு மறைச்சுடும். உள்ள தப்பாப் போச்சுன்னா வெளிய உள்ள அத்தனையையும் வெட்டி எறிஞ்சாதான் கை போகும். இன்னொரு விதி, கம்பத்தை ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கிற கயிறுங்களை வலப்பக்கம் ஒண்ணு, இடப்பக்கம் ஒண்ணுன்னு மாத்தி மாத்திக் கட்டணும். ஒரே பக்கமா கட்டிட்டே போனா கம்பம் அந்தப் பக்கம் சாஞ்சுடும். இதை எனக்கே நூறு தடவை சொல்லியிருக்காரு. அப்படிப்பட்ட மனுசன் நடுக் கம்பத்துக்கு இடப்பக்கக் கயிறு ஆறையும் ஒரே மூச்சாக் கட்டிட்டாரு. நாற்காலியை மாத்திப் போட்டா விட்ட இடம் மறுபடி அந்தச் சாவி ஓட்டைக்குள்ள சிக்காதோன்னு பயம். அப்புறம் வலப்பக்கம் போய் ஆறையும் கட்டினாரு. முடிச்சுட்டுத்தான் சந்தேகம் வந்துச்சு. முடிச்சைப் பாத்தா முடிச்சு மட்டும் தெரியுது, கம்பம் முழுசா கண்ணுக்குள்ள வரல.

"இங்க வாயேன்"னு கூப்பிட்டாரு. நான் யூனிபார்ம் தைக்கிற கம்பெனியில இருவது வருசமா தையல் சரி பாக்குறவ. ஒரு இழை கோணினாலும் என் கண்ணுக்குத் தப்பாது, அது இவருக்கும் தெரியும். "நடுக் கம்பம் நேரா நிக்குதா பாரு."

சாஞ்சிருந்துச்சு. இடப்பக்கமா, அரிசி அகலத்துக்கு. பாத்த உடனே தெரிஞ்சுது.

அன்னிக்குக் காலையிலதான் டாக்டர் இன்னும் கொஞ்சம் கருப்பைக் காட்டி அனுப்பியிருந்தாரு. இவரு மூஞ்சியைப் பாத்தேன். பரீட்சை பேப்பரை நீட்டிட்டு நிக்கிற புள்ளை மாதிரி நின்னாரு. எனக்கு மனசு கேக்கல. "கம்பி மாதிரி நிக்குதுங்க"ன்னேன்.

"பேப்பர் வெச்சு அளந்துடட்டுமா?"

"ஏன், என் கண்ணு மேல நம்பிக்கை இல்லையா?"ன்னு நாக்கு மேல பல்லு போட்டுக் கேட்டேன்.

"உன் கண்ணை நம்பாம யாரு கண்ணை நம்புறது"ன்னு சிரிச்சுட்டு, அடுத்த நூலுக்கு மெழுகு தடவ ஆரம்பிச்சாரு.

அரிசி அகலம்தானே, யாரு பாக்கப் போறான்னு நெனச்சேன். ஆனா அந்தக் கம்பத்துலேருந்து முன் கம்பத்துக்குக் கயிறு போச்சு, பின் கம்பத்துக்குப் போச்சு, குறுக்குக் கட்டைங்க அதுலதான் தொங்குச்சு. ஒவ்வொரு கயிறும் சாய்வை இழுத்துட்டே போச்சு. ஏழு மாசம். ஏணி மாதிரிக் கட்டுற குறுக்கு நூலுக்கு மட்டும் ஆயிரத்துச் சொச்சம் முடிச்சு. ரெண்டு தடவை சொல்லிடலாம்னு வாயெடுத்தேன். முதல் தடவை, "இன்னிக்கு நாப்பது முடிச்சு போட்டேன்"னு இவரே சந்தோசமா பேச்சை எடுத்துட்டாரு. ரெண்டாவது தடவை எனக்குத் தைரியம் வரல. லேபு வேலையை விட்டுட்டாரு. கடைசி மாசம் முடிச்சு கூடத் தெரியல. நான் ஊசியில நூல் கோத்துக் கோத்துக் குடுக்க, விரலாலயே தடவிக் கட்டினாரு. அது நிக்கிறதைப் பாக்கணும்னு சொன்னாரே, அந்த ஆசை அப்பவே போயிடுச்சு. மத்தவங்களாவது பாக்கட்டும்னு மனசைத் தேத்திக்கிட்டாரு.

கண்காட்சிக்குப் பத்து நாளைக்கு முன்னாடி இவரு கூட்டாளி வந்தாரு. கடிகாரம் ரிப்பேர் பண்றவரு, சங்கத்துல பெரிய ஆளு. கப்பலைச் சுத்தி ஒரு தடவை நடந்தாரு. நடுக் கம்பத்துக்கு எதுத்தாப்பல வந்ததும் நின்னுட்டாரு. அவரு வாயைத் தெறக்குறதுக்குள்ள நான் கையெடுத்துக் கும்பிட்டேன், வேணாம்னு தலையாட்டினேன். அவரு என்னைப் பாத்தாரு, இவரைப் பாத்தாரு. "ரொம்ப... ரொம்ப நல்லா வந்திருக்கு"ன்னாரு. போட்ட டீயைக் கூடக் குடிக்கல, கடையில ஆள் காத்துட்டு இருக்காங்கன்னு கெளம்பிட்டாரு.

இவரு நாற்காலியிலேருந்து எழுந்திருக்கவே இல்லை.

"அவன் ஒரு குறையும் சொல்லலையே"ன்னாரு.

"குறை இருந்தாத்தானே சொல்லுவாரு?"

"நான் செஞ்ச பீரங்கி வாய் ஒரு மயிரிழை அகலம் கூடிப் போச்சுன்னு சண்டை போட்டவன் அவன். பலகை நெறத்துக்கு ஆறு மாசம் பேசாம இருந்தவன். அவன் குறை சொல்லாம இந்த வீட்டை விட்டுப் போனதே கெடையாது." மேசையைத் தடவி ஒரு காகிதத்தை எடுத்து நீளமாக் கிழிச்சாரு. கம்ப நுனியில ஒரு முனையை வெச்சு, இடப்பக்க விளிம்பு வரைக்கும் பிடிச்சு, நகத்தால மடிச்சு அடையாளம் பண்ணினாரு. அதே காகிதத்தை வலப்பக்கம் பிடிச்சாரு. மடிச்ச இடம் விளிம்புக்கு வந்து சேரல. விரலை வெச்சுப் பாத்தாரு. முழுசா ஒரு விரல் இடைவெளி.

மறுபடி அளந்தாரு. மூணாவது தடவையும் அளந்தாரு.

"உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லலாம்னு கூடத் தோணுச்சு, பாருங்க. "நீங்க கேட்டீங்களே, அன்னிக்கே"ன்னேன்.

கத்துவாரு, கப்பலைத் தூக்கி எறிவாருன்னு நெனச்சேன். எறிஞ்சிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். மெதுவாக் கணக்கு போட்டாரு. "அப்ப வெறும் பன்னெண்டு கயிறு. அவுத்துட்டு மறுபடி கட்ட ரெண்டு நாள். வேணாம், மூணு நாள்னே வெச்சுக்க." அப்புறம், "அன்னிக்கு எனக்குக் கண்ணு இருந்துச்சும்மா"ன்னாரு.

அழுதேன், கால்ல விழுந்தேன். உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சொன்னேன்னேன். "தெரியும்"னாரு. திட்டக்கூட இல்லை. கண்காட்சிக்குக் கப்பல் போகல. போர்வையைப் போத்தி அந்த ரூம்லயே வெச்சிருக்கோம். இப்ப ரெண்டு கண்ணுலயும் வெளிச்சம் இருக்கா இல்லையான்னு மட்டும்தான் தெரியும் இவருக்கு.

கோபம்லாம் கெடையாது. பேசுறாரு, நான் பண்ணுற ஜோக்குக்குச் சிரிக்கிறாரு, வெளிய போனா என் கையைப் பிடிச்சுட்டுத்தான் வர்றாரு. நேத்து ஆஸ்பத்திரிப் படியில எறங்கும்போது, "அவ்வளவுதாங்க, படி முடிஞ்சிருச்சு"ன்னேன். உண்மையிலேயே முடிஞ்சிருச்சு. என் கையை விடாம, ஒரு காலை நீட்டித் தரையை நல்லாத் தடவிப் பாத்துட்டுத்தான் அடுத்த காலை வெச்சாரு.