சீறிய காரும் தேவன் அண்ணையும்

"தேவன் அண்ணை போயிட்டாராம்" என்று தொலைபேசியை வைத்துவிட்டு மனைவி சொன்னாள். "ஆரோடை சண்டை பிடிச்சவராம்?" என்றுதான் முதலில் கேட்டேன். நித்திரையிலேயே போய்விட்டாராம். அவரை அறிந்த நீங்கள் யாரும் இதை நம்பப் போவதில்லை.

லண்டன் செவன் கிங்ஸில் அவர் வீட்டுக் கராஜில் ஒரு நீராவிக் கார் நின்றது. பெட்ரோல் வண்டிகள் வந்து எல்லாவற்றையும் விழுங்குவதற்கு முன் லண்டனில் ஓடிய வகை. இருக்கைக்கு நேர் கீழே கொதிகலன். பழைய கார்க் கண்காட்சி ஒன்றில் நம்மாள் ஒருவர் சிரித்தபடி, "நல்ல தேத்தண்ணிக் கேத்தில் அண்ணை" என்றார். தேவன் அண்ணை அவர் கொலரைப் பிடித்துக் கொதிகலனருகே இழுத்தார். "கேத்திலோ? மூஞ்சையை வைச்சுப் பார், வேகும்!" நாலுபேர் சேர்ந்துதான் பிரித்தெடுத்தோம்.

என் கலியாணத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம் அந்தக் காரில்தான். கேட்டவுடன் சம்மதித்தார். "தாறன்டா. அது சீறினால் பயப்பிடாதை. சீறாமல் நிண்டால்தான் இறங்கி ஓடு" என்றார்.

அழுத்தம் கூடினால் ஆவியைத் தானாக வெளியே விடும் வால்வு ஒன்று காரின் பக்கவாட்டில் இருந்தது. புறப்படும் நேரம் அது புஸ்ஸென்று சீறியது. மாப்பிள்ளையின் பட்டுவேட்டி நனைந்துவிடும், நல்ல காரியத்தில் இதென்ன சத்தம் என்று என் சித்தப்பா மாலை கட்டிய கம்பியை எடுத்து வால்வை இறுக்கிச் சுற்றிவிட்டார். தேவன் அண்ணை தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தார். நான் தலைப்பாகையோடு ஏறி உட்கார்ந்து படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தவர் அழுத்தமானியைப் பார்த்தார். வாளியை எறிந்துவிட்டுப் பாய்ந்து வந்து, என்னைச் சால்வையோடு பிடித்து இழுத்துத் தெருவில் வீசினார். வாயெல்லாம் இரத்தம் எனக்கு.

"மாப்பிள்ளையை அடிக்கிறான்!" என்று சித்தப்பா கத்தினார். மாமன்மார் தேவன் அண்ணைமேல் விழுந்தார்கள். குத்து, உதை, ஒருவர் குடைக்காம்பால் மண்டையில் போட்டார். நெற்றி பிளந்தது. அவரும் சும்மா வாங்கவில்லை. சித்தப்பாவின் மூக்கு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

"விடுங்கோடா! வெடிக்கப் போகுது!"

ஒருவரும் விடவில்லை. காலைப் பிடித்துத் தொங்கியவர்களையும் இழுத்துக்கொண்டு போய்க் கொதிகலன் நெருப்பை அணைத்தார். பிறகு வெறுங்கையால் கம்பியைப் பிய்த்தார். ஆவி பீறிட்டது. கம்பியோடு உள்ளங்கைத் தோலும் உரிந்து வந்தது. அப்போதுதான் அடித்தவர்கள் கையை எடுத்தார்கள்.

அம்புலன்ஸில் ஏறும்போது சித்தப்பாவைப் பார்த்து, "தாலி கட்டி முடியட்டும். வந்து மிச்சத்தைத் தாறன்" என்றார்.

அவர் வீசியதில் என் இடது தோள் இடம் பெயர்ந்தது. அக்கா ஒரு நுனியைப் பிடிக்க, ஒற்றைக் கையால்தான் தாலி கட்டினேன். குளிர் தொடங்கினால் இன்றும் அந்தத் தோள் குத்தும். ஒப்பரேசன் செய்தால் போய்விடும் என்கிறார் டொக்டர். தேவன் அண்ணை எனக்குத் தந்துவிட்டுப் போனது இது ஒன்றுதான். ஒருவரையும் அதில் கைவைக்க விடமாட்டேன்.