திரைக்கு அந்தப் பக்கம் அத்தை

கோர்ட்டுல எனக்காக ஒரு திரை வச்சிருந்தாவ. ஆஸ்பத்திரி வார்டுல கட்டிலுக்குக் கட்டில் தள்ளி வைப்பாவல்லா, அந்த மாதிரிப் பச்சைத் துணி. அந்தப் பக்கம் எங்க அத்தை நிக்கா. இந்தப் பக்கம் நான். அவ மூஞ்சியைப் பாத்து நான் பயந்துரப்படாதுன்னு சட்டம் பண்ணி வச்ச ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், குத்தம் சொல்லலை. ஆனா அந்த மூஞ்சியைப் பாக்கத்தான் நான் வருசக்கணக்கா தவியாத் தவிச்சுக்கிட்டு இருந்தேன்னு யாருகிட்ட போய்ச் சொல்ல?

அத்தை யாருன்னு சொல்லிருதேன். எங்கப்பாவோட தங்கச்சி. என்னைப் பெத்தவ பிரசவத்துலயே போய்ட்டா. அப்பா திருப்பூருக்குப் போனவரு, அங்கனயே இன்னொரு குடும்பமாயிட்டாரு. என்னை வளத்தது அத்தைதான். கழுகுமலைப் பக்கம் எங்க ஊரு. அத்தை தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போவா. சாயந்திரம் வந்த கையோட என்னைப் பிடிச்சு உக்கார வச்சுச் சடை போடுவா. அவ இழுக்குத இழுப்புல கண்ணுல தண்ணி முட்டிரும். "ஏ அத்தை, வலிக்கு"ம்பேன். "வலிச்சாத்தாம்ட்டி சடை நிக்கும்"னு சீப்பாலயே மண்டையில ஒரு போடு போடுவா. பொல்லாத கோவக்காரி. நானும் அவ அண்ணன் மகதானே, எனக்கும் வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை. எங்க சண்டை தெருவுக்கே கேக்கும். முடிஞ்சதும் ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிடுவோம்.

பத்தாம் வகுப்பு முடிஞ்ச லீவுல ஏஜெண்டு ஒருத்தன் வந்தான். வடக்க ஒரு பெரிய ஊருல, நல்ல வீட்டுல, சின்னப் பிள்ளையைப் பாத்துக்கிடுத வேலை, மேல படிக்கவும் வைப்பாவன்னு சொன்னான். அத்தை சரின்னுட்டா. கோவில்பட்டி ஸ்டேஷன்ல ரயில் வாரதுக்கு முன்னால என்னைத் தனியா ஒதுக்கிட்டுப் போயி, தலையில கனகாம்பரத்தை வச்சுக்கிட்டே சொன்னா: "ஏட்டி, அங்கன கதவைப் பூட்டித்தான் வச்சிருப்பாவ. அழுது ஆர்ப்பாட்டம் பண்ணாத. கொஞ்ச நாள்ல பழகிரும்."

சொன்னபடிக்கே பூட்டித்தான் வச்சிருந்தாவ. அங்கன நடந்ததை விலாவாரியா எழுத எனக்கு இஷ்டம் இல்லை. கேக்கவேண்டியவிய எல்லாம் கேட்டு எழுதிக்கிட்டாவ, அது போதும். கருக்கல்ல எந்திரிச்சா ராத்திரி வரைக்கும் வேலை. அடி உண்டு, சம்பளம் கிடையாது, போன் கிடையாது, வாசப்படி தாண்டப்படாது. எதிர்த்த மாடியில இருந்த ஒரு பொம்பளை, அந்தப் புண்ணியவதி யாருன்னுகூட எனக்குத் தெரியாது, நான் பால்கனியில நின்னு அழுததைப் பாத்துட்டு உதவி எண்ணுக்குப் போன் போட்டிருக்கா. போலீஸ் வந்துதான் பூட்டைத் திறந்துச்சு. பழகிரும்னு அத்தை சொன்னாளே, எனக்குக் கடைசி வரைக்கும் பழகவே இல்லை.

நம்ம பக்கம் கூட்டிட்டு வந்து குழந்தைகள் நலக் குழு முன்னால நிப்பாட்டி, ஒரு இல்லத்துல சேத்தாவ. வேளைக்குச் சோறு, டாக்டர், மனசு விட்டுப் பேச ஒரு டீச்சரம்மா, இலவச வக்கீல், எங்க போனாலும் கூடவே வார ஒரு அக்கா. அந்த அக்காவைச் சட்டத்துல துணை நபர்னு சொல்லுதாவ. என் பேரு எங்கயும் வெளிய வரப்படாதுன்னும் ஒரு சட்டம் இருக்கு. அதனாலதான் இங்கனயும் யாரு பேரையும் நான் எழுதலை. இல்லத்து ஆயாம்மா பூவைத் தொடுத மாதிரி எனக்குத் தலை வாரி விடுவா. எனக்கு அழுகை அழுகையா வரும். "என்ன தாயி, வலிக்கா?"ன்னு பதறுவா. வலிக்கலையேன்னுதான் அழுதேன்னு சொன்னா என்னைப் பைத்தியம்னு நினைச்சிருப்பா.

மாஜிஸ்திரேட்டம்மா முன்னால வாக்குமூலம் குடுக்கக் கூட்டிட்டுப் போனப்ப, ஸ்டேஷன்ல அத்தை சொன்னதையும் நானே வலியச் சொன்னேன். அதுவும் எப்படி? பெருமையா! எங்க அத்தை எனக்குப் புத்திமதி சொல்லித்தான் அனுப்புனா, அவளுக்கு என்மேல அம்புட்டுப் பிரியம்னு. அந்தம்மா எழுதுததை நிறுத்திட்டு என்னை ஒரு தரம் நிமிந்து பாத்தாவ. ஏன் பாத்தாவன்னு அன்னைக்கு எனக்கு விளங்கலை.

"அத்தை எப்ப என்னைப் பாக்க வருவா?"ன்னு அக்காவை நச்சரிச்சுக்கிட்டே இருந்தேன். ஒருநாள் உக்கார வச்சு உடைச்சுச் சொல்லிட்டாவ. ஏஜெண்டோட சேத்து அத்தை மேலயும் கேஸ். இப்ப ஜாமீன்ல வெளிய இருக்கா. ஆனா என்னைப் பாக்கப்படாது, பேசப்படாது, ஆள் விட்டு விசாரிக்கவும் படாதுன்னு நிபந்தனை. மீறுனா திரும்ப உள்ள போட்டுருவாவ.

"யாரைக் கேட்டு நிபந்தனை போட்டாவ? அவ எங்க அத்தை!"ன்னு கத்திட்டேன்.

"உன்னைக் காப்பாத்தத்தாம்மா போட்டிருக்கு"ன்னாவ அக்கா. நான் அன்னைக்குச் சாப்பிடலை.

பதினெட்டு முடிஞ்சதும் கோவில்பட்டியில ஹாஸ்டல்ல தங்கி, நர்ஸ் வேலைக்குப் படிக்க ஏற்பாடு பண்ணிக் குடுத்தாவ. பஸ் ஸ்டாண்டு வழியாத்தான் தினமும் நடை. கழுகுமலை பஸ்ஸைப் பாத்தா காலு தானா நிக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை, வாரது வரட்டும்னு ஏறி உக்காந்தே போட்டேன். மழை பேஞ்சு ஓஞ்ச நேரம். பின்னால ஏறுன பொம்பளை காலு நிறைய அப்பியிருந்த கரிசலைப் படியில தேச்சுக்கிட்டு நின்னா. எங்க ஊரு மண்ணு. கண்டக்டர் விசில் ஊதுத நேரம் விறுவிறுன்னு இறங்கிட்டேன். நான் போய்ப் பாத்தா எனக்கு என்ன வந்துச்சு, மாட்டிக்கிடப் போறது அவதானே. பஸ் போனதும் என்னையே நல்லாத் திட்டிக்கிட்டு ஹாஸ்டலுக்கு நடந்தேன்.

கேஸ் விசாரணைக்கு வந்துச்சு. அரசு வக்கீல் கூப்பிட்டு நிதானமாச் சொன்னாரு. ஏஜெண்டுக்கு எதிரா சாட்சி நிறைய இருக்கு. அத்தை விசயத்துல கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: தெரிஞ்சு அனுப்புனாவளா, ஏமாந்து அனுப்புனாவளா? ஸ்டேஷன்ல சொன்ன அந்த வார்த்தையை மாஜிஸ்திரேட் எழுதி வச்சிருந்தாலும், கோர்ட்டுல நான் என் வாயால சொன்னாத்தான் நிக்கும். சொல்லலைன்னா அத்தைக்கு விடுதலைதான்.

அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுச்சு. பாவி, கதவைப் பூட்டுவாவன்னு இவளுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சுமா அனுப்புனா? ஒரு மனசு அவளைக் கிழிகிழின்னு கிழிக்கும். பட்டணத்துல எல்லாரும் வீட்டைப் பூட்டித்தானே வச்சிருக்காவ, அதைத்தான் சொல்லியிருப்பான்னு இன்னொரு மனசு சப்பைக்கட்டு கட்டும். நான் என்ன செய்யன்னு அக்காவைக் கேட்டேன். "சொல்லுன்னும் நான் சொல்லப்படாது, சொல்லாதன்னும் சொல்லப்படாது. நீ எதைச் சொன்னாலும் உன் பக்கத்துல நான் நிப்பேன்"னாவ. எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. யாராவது ஒருத்தர் சொல்லித் தொலைச்சா என்ன?

தூத்துக்குடி கோர்ட்டுல கதவைச் சாத்திட்டு விசாரிச்சாவ. அத்தையை முதல் எதிரி, ரெண்டாம் எதிரின்னு ஏதோ எண்ணு போட்டுச் சொன்னாவ. நான் அத்தைன்னேதான் சொன்னேன், யாரும் தடுக்கலை. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டுச்சு. அவ இருமல்தான். அதுக்கு மேல என்னால முடியலை. "அம்மா, இந்தத் திரையை எடுத்துருங்க"ன்னு ஜட்ஜம்மாகிட்டக் கேட்டுட்டேன்.

"யாராவது கட்டாயப்படுத்துறாங்களா?"

"இல்லம்மா. நான் அவளைப் பாக்கணும்."

அக்காகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்கச் சொன்னாவ.

இளைச்சுப்போயி நின்னா. தலை பாதிக்கு மேல நரைச்சிருந்துச்சு. தரையையே பாத்துக்கிட்டு இருந்தா. ஒரு தடவை பாரேன் அத்தைன்னு மனசுக்குள்ள கெஞ்சுதேன், நிமிரவே மாட்டேங்கா. அரசு வக்கீல் கேட்டாரு, "ஸ்டேஷன்ல உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

அத்தையைப் பாத்துக்கிட்டே, அவ சொன்ன அதே வார்த்தையில, ஒண்ணு கூட்டாமக் குறைக்காமச் சொன்னேன்.

அப்பத்தான் நிமிந்தா. என் கண்ணைப் பாத்தா. இல்லவே இல்லை, இந்தச் சிறுக்கி புளுகுதான்னு கூப்பாடு போடுவான்னு நான் காத்துக்கிட்டு நின்னேன். அவ வக்கீல் சும்மா இருங்கன்னு கையைக் காட்டுதாரு. அதைச் சட்டை பண்ணாம, ஜட்ஜம்மா பக்கம் திரும்பி, "பிள்ளை சொல்லுதது நெசம்தாம்மா"ன்னா.

இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை அவ சொல்லியிருந்தா, என் காதை நம்பாம அவளை நம்பியிருப்பேன்.