பத்தடிப் பலகையும் பாரிஸ் மச்சாளும்

அந்தச் சனிக்கிழமை என் கணவர் ஒஷாவாவுக்குப் போனது ஒரேயொரு நீராவி எஞ்சின் வாங்கத்தான். உண்மையான எஞ்சின் இல்லை. ஒரு சாண் நீளமுள்ள மாதிரி எஞ்சின். மத்தியானம் திரும்பி வந்தபோது காரின் பின்பக்கம் நிலத்தைத் தொடுகிற மாதிரித் தாழ்ந்திருந்தது. பின் சீற், டிக்கி, முன் சீற்றில் கால் வைக்கிற இடம் எல்லாம் பெட்டிகள்.

“ஒண்டு எண்டுதானே சொல்லிப்போட்டுப் போனனீங்கள்?”

“அந்தக் கிழவர் பிரிச்சுத் தரமாட்டன் எண்டிட்டார். வீட்டை வித்துப்போட்டு முதியோர் இல்லத்துக்குப் போறாராம். எல்லாத்தையும் ஒரே ஆளிட்டைத்தான் குடுப்பாராம்.”

குரலில் கொஞ்சம் கவலை காட்டப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கனடாவில், ஸ்காபரோவில் வரிசை வீடு ஒன்றை வாங்கிக் குடிவந்து அதிக நாளாகவில்லை. நாங்கள் இரண்டே பேர். அவர் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிற இடத்தில் வேலை செய்தார். அங்கே யாரோ குப்பையில் போட்ட பழுதான ரயில் எஞ்சின் ஒன்றை எடுத்துவந்து, சாப்பாட்டு மேசையில் வைத்துக் கழற்றி, ஓடவைத்துவிட்டார். அன்று பிடித்த ஆசை. அதற்குப் பிறகு பழைய சாமான் சந்தைக்கும் வீட்டு வாசல் விற்பனைக்கும் போகாத கிழமை இல்லை. ரீவிக்கு மேலே சரக்கு வண்டி, பிரிட்ஜுக்கு மேலே பயணிகள் வண்டி, என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பனி தள்ளும் வண்டி. ஒருமுறை அரிசிப் பாத்திரத்தைத் திறந்தால் உள்ளே ஒரு எண்ணெய்த் தாங்கி வண்டி. துடைத்துக் காய வைத்தாராம். அரிசி ஈரத்தை உறிஞ்சுமாம்.

ஒஷாவாப் பெட்டிகள் மேல்மாடியில் விருந்தினருக்கென்று விட்டிருந்த அறையை ஜன்னல் வரைக்கும் நிரப்பின. அடுத்த கிழமை பாரிஸிலிருந்து போன் வந்தது. அவருடைய அக்கா வருகிறா. ரிக்கற் போட்டாயிற்று.

இந்த மச்சாளை நான் நேரில் கண்டதே இல்லை. எங்கள் கலியாணத்துக்கு அவவுக்கு விசா கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் போனில் வரும் குரல்தான். அந்தக் குரல் ஒவ்வொரு முறையும் கேட்பது ஒன்றுதான்: “வீடு வாசலைத் துப்புரவாய் வச்சிருக்கிறீரோ?” நானும் ரயில் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு “ஓம் மச்சாள்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“உதுகளைக் கீழை பேஸ்மென்ற்றிலை தட்டு அடிச்சு அடுக்குவம்” என்றேன்.

அவர் உடனே ஒரு கடதாசியை எடுத்து வரையத் தொடங்கினார். அடுத்த நாளும் வரைந்தார். மூன்றாம் நாள் அந்தப் படத்தில் தட்டுகளுக்குச் சின்ன விளக்குகள் வந்திருந்தன, சுவரில் ஒரு ஆணி வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஸ்குறூவை இடுக்கியால் பிடித்து முடுக்குகிற மனிதர், ஒரு சுத்தியலைக் கையில் எடுத்தால் பாம்பைப் பிடித்த மாதிரிப் பிடிப்பார். நான் திரைச்சீலை தைக்கிற தொழிற்சாலையில் நாள் முழுக்க அளந்து வெட்டுகிறவள். துணியை வெட்டத் தெரிந்தவளுக்குப் பலகை என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன்.

மரக்கடையில் நின்ற இளைஞனிடம் நான்தான் கேள்வி கேட்டேன். அவன் பதிலை என் கணவருக்குச் சொன்னான். அவர் ஒவ்வொரு பதிலுக்கும் திரும்பி என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவனும் என்னைப் பார்க்கத் தொடங்கினான். ஒரு பைன் பலகை, இரண்டு இரும்புத் தாங்கி, ஒரு டிரில். முதலில் ஒன்றை அடித்துப் பார்ப்போம் என்று படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்னச் சுவரில் பூட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

“முதல் எஞ்சினை வையுங்கோவன்.”

“இல்லை, முதல் வேறை ஏதும் வைச்சுப் பாப்பம்” என்றார். மேலே போய் மைசூர்ப் பருப்புப் பையைத் தூக்கிவந்து வைத்தார். அந்த மனிதரின் முன்யோசனையை அன்றைக்குத்தான் மெச்சினேன். நாங்கள் தேநீர் குடித்துவிட்டு வரும்போது பலகை நிலத்தில், தாங்கிகள் சுவரிலிருந்து கட்டி கட்டியாகச் சுண்ணாம்பைப் பிடுங்கிக்கொண்டு பலகைக்குப் பக்கத்தில், பருப்பு காபெற் முழுக்க. செம்மஞ்சள் பருப்பைச் சாம்பல் நிறக் காபெற்றிலிருந்து பொறுக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மச்சாள் வந்திறங்கியபோது அந்த ஓட்டைகள் அப்படியே இருந்தன. விமான நிலையத்தில் தம்பியைக் கட்டிப்பிடித்து நன்றாக அழுதா. வீட்டுக்குள் வந்ததும் அழுகை நின்றுவிட்டது. அவவுக்கு அறையைக் காலியாக்கவென்று கூடத்தில் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த பெட்டிகளைச் சுற்றிப் பார்த்தா.

“தம்பி, இஞ்சை கடை ஏதும் நடத்திறியே?”

அவர் என்னைப் பார்த்தார். நான் கோப்பி போடப் போய்விட்டேன்.

அடுத்த நாள் வேலையால் வந்து செருப்பைக் கழற்றும்போது கீழே இருந்து டொக், டொக் என்று சத்தம். இறங்கிப் பார்த்தேன். சட்டைக்கு மேலே தம்பியின் ஸ்வெற்றரைப் போட்டுக்கொண்டு, காதைச் சுவரோடு ஒட்டவைத்து, விரல் முட்டியால் தட்டிக்கொண்டு நின்றா மச்சாள்.

“இஞ்சை வாரும் பிள்ளை. இதிலை தட்டினால் கோறையாய்க் கேக்குது. இதிலை தட்டும், சத்தம் இறுகுது. உள்ளுக்கை மரம் நிக்குது போலை. நீர் மரமில்லாத இடத்திலை எல்லோ துளைச்சுப்போட்டீர்.”

நான் தட்டினேன். உண்மைதான்.

“உங்களுக்கு இதெல்லாம் தெரியுமோ மச்சாள்?”

“எனக்கு என்ன தெரியும்? பாரிஸிலை ஒரு படம் கொழுவ ஆணி அடிக்கேலாது. வீட்டுக்காரன் வந்து வாசல்லை நிப்பான். இது உங்கடை சொந்தச் சுவர்தானே?” கண்ணில் ஒரு ஆசை. “எங்கை அந்த டிரில்? ஒருக்கால் தாரும் பாப்பம்.”

முதல் துளையைப் போட்டுவிட்டு, தூள் படிந்த முகத்தோடு என்னைப் பார்த்துச் சிரித்தா. போனில் கேட்ட குரலுக்கும் அந்தச் சிரிப்புக்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு இருந்த பயத்தில் பாதி அங்கேயே போயிற்று.

சனிக்கிழமை அவரைப் பலகை வாங்கத் தனியாக அனுப்பினோம். கடையிலிருந்து போன் எடுத்தார், சுவர் எவ்வளவு நீளம் என்று. நான் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தேன், இரண்டு கையும் மா. மச்சாள்தான் அளவு நாடாவோடு கீழே ஓடிப்போய், திரும்பி ஓடிவந்து மூச்சு வாங்கச் சொன்னா: “நூற்றியிருவது.”

மாலையில் வாசலில் ஹோர்ன் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் வெளியே போனோம். கார் ஜன்னலால் ஒரு கட்டுப் பலகை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் அவருடைய சிவப்பு மஃப்ளர் கொடி மாதிரிப் பறந்தது. ஜன்னல் மூட முடியாமல் குளிரில் ஓடி வந்ததில் அவருடைய மூக்கும் அதே சிவப்பு.

“வெட்டவே தேவையில்லையாம். சரியாய்ப் பத்தடிப் பலகை இருக்குது எண்டான்!”

“பத்தடியோ? அது நாலடிச் சுவரெல்லோ?” என்றேன்.

“நூற்றியிருவது அங்குலம் பத்தடிதானே?”

மச்சாள் தலையில் கை வைத்தா. “ஆர் அங்குலம் சொன்னது? நான் சென்ரிமீற்றரிலை எல்லோ பாத்தனான்!”

“அக்கா, இஞ்சை மரக்கடையிலை எல்லாம் அங்குலந்தான்.”

“உனக்கு உன்ரை வீட்டுச் சுவர் எவ்வளவு எண்டு தெரியாதோடா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “பத்தடி எண்டோடனை ஒரு முழுச் சரக்கு வண்டி நிக்கும் எண்டு கணக்குப் போட்டன். சுவரை நினைக்கேல்லை.”

மூன்று பேரும் வாசலில் நின்று சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி திரையை விலக்கிப் பார்த்தாள்.

நான் பலகையைப் படிக்கட்டுச் சுவர் அளவுக்கு வெட்டுவதற்கு மரம் அரிகிற வாளை எடுத்தேன். மச்சாள் தடுத்தா. எதிர்ச் சுவரைக் காட்டினா. சோபாவுக்குப் பின்னால் நீளமான வெற்றுச் சுவர். அதை நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை, ஏனென்றால் சோபா கனம். சின்னச் சுவரில் எஞ்சினோடு நாலைந்து பெட்டி நிற்கும். மற்றவை அடுத்த தட்டுக்குப் போகவேண்டும். இந்தச் சுவரில் என்றால் எஞ்சின் தொடக்கம் கடைசிக் காவலர் பெட்டி வரை ஒரே வரிசையில் நிறுத்தலாம். என் கணவர் போய்த் தனியாகச் சோபாவை இழுக்கத் தொடங்கினார்.

பிறகு வேலை வேகமாக நடந்தது. மச்சாள் தட்டிப் பார்த்து உள்ளே மரம் நிற்கிற இடங்களுக்குப் பென்சிலால் அடையாளம் போட்டா, நான் துளைத்தேன். நீர்மட்டத்தைப் பலகையில் வைத்து அதற்குள் இருக்கும் குமிழியைப் பார்ப்பது அவருடைய பொறுப்பு. “ஓடுது, ஓடுது, கொஞ்சம் தூக்கும்” என்று சொல்லிக்கொண்டிருப்பார். மேல் தட்டைப் பூட்டும்போது மட்டும் அவர் ஒரு எஞ்சினைத் துடைக்கப் போய்விட்டார். அந்தத் தட்டில் வைத்த முதல் எஞ்சின் யாரும் தொடாமலே மெல்ல நகர்ந்தது. நாங்கள் மூவரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். பிறகுதான் அவர் பாய்ந்தார். எஞ்சின் தட்டை விட்டு இறங்கும்போது சோபாவில் விழுந்து கிடந்த அவருடைய கைக்குள் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தட்டிலும் தண்டவாளத் துண்டுகளை ஒட்டி, இரண்டு நுனியிலும் அழிறப்பரை வெட்டித் தடை வைத்தோம்.

வார்னிஷ் பூசியது மச்சாள். மணம் தாங்காமல் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, குளிர் ஜக்கற்றோடு உட்கார்ந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டோம்.

தட்டுகள் காய்ந்த பிறகு ஒரு ஞாயிறு முழுக்க அவர் வண்டிகளை அடுக்கினார். மச்சாள் சோபாவில் இருந்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து கொடுத்தா. தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்பியதும், மற்றச் சகோதரங்களைப் பார்த்ததும் அவதான். பாரிஸில் பகலில் ஒரு உணவகத்தின் சமையலறை, மாலையில் இன்னொரு இடம். திடீரென்று கேட்டா:

“உனக்கு உதிலை என்னடா கிடைக்குது?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டா. அவர் கையிலிருந்த வண்டியைப் பார்த்தார்.

“ஒண்டும் கிடைக்கிறேல்லை அக்கா. பாத்தால் சந்தோசமாய் இருக்கு.”

மச்சாள் அடுத்த பெட்டியைத் திறக்காமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தா.

“அப்ப சரி” என்றா.

அடுத்த கிழமை தானாகவே சொன்னா, “என்னையும் அந்தச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ” என்று. தன்பாட்டில் எல்லா மேசைகளையும் சுற்றி, கடைசியில் ஒரு சிவப்புப் பயணிகள் பெட்டியைத் தூக்கினா. ஜன்னல்களுக்குள் சின்னச் சின்ன மஞ்சள் திரைகள்.

“அக்கா, உது ஐரோப்பாப் பெட்டி. எங்கடை சரக்கு வண்டியோடை சேராது. கொழுக்கியும் வேறை.”

“நானும் ஐரோப்பாவிலை இருந்துதானே வந்தனான். நான் சேரேல்லையோ? கொழுக்கியை மாத்து.”

தான் காசு கொடுப்பேன் என்று பிடிவாதமாக நின்று வாங்கினா. கார் ஓடும்போதும் பெட்டியை மடியில் வைத்துத் திறந்து திறந்து பார்த்தா. அவர் அன்று மாலை இடுக்கியோடு உட்கார்ந்து கொழுக்கியை மாற்றினார். நிலக்கரி வண்டிகள், எண்ணெய் வண்டிகள் எல்லாம் போய் முடிகிற இடத்தில், காவலர் பெட்டிக்கும் பின்னால், அந்தச் சிவப்புப் பெட்டி நின்றது. ரயில் விஷயம் தெரிந்தவர்கள் வீட்டுக்கு வந்தால் அதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்கள். “அது அக்காவின்ரை” என்று மட்டும் அவர் சொல்லுவார், ஆங்கிலத்தில் கேட்டாலும் தமிழில்.

மச்சாள் போன பிறகு கொஞ்ச நாள் வீடு வெறிச்சென்று இருந்தது. பிறகு என்னோடு வேலை செய்த ஒரு பெண் வந்து தட்டுகளைப் பார்த்துவிட்டு, யூனியன்வில்லில் தன் வீட்டுச் சாமியறைக்கும் இப்படி அடித்துத் தருவீர்களா என்று கேட்டாள். டிரிலையும் நீர்மட்டத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு போனேன். என் கணவரும் குமிழி பார்க்க வந்தார். அவளுடைய சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டு நிற்கையில், அவளுடைய மாமியார் வந்து என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தா. சொன்னேன். அவவும் ஒரு பக்கத்தில் காதை வைத்துத் தட்டத் தொடங்கினா.