வண்டிப் பெட்டியில் இருந்த போன்

என் மகளுக்கு வீட்டுக்கே வந்து பாடமும் பயிற்சியும் தந்த சிறப்பாசிரியை அவர். நன்னிலத்திலிருந்து ஸ்கூட்டியில், அறுவடைத் தூசி முகத்தில் அப்பியிருக்க, வரும்போதே களைத்துப்போய் வருவார். போனை வண்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். வாசலில் நின்று வெறுங்கைகளை விரித்துக் காட்டிய பிறகுதான் உள்ளே வருவார்.

அவருக்கு முன் வந்தவர், மகள் தடுமாறி விழுவதை வீடியோ எடுத்துப் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். ஊரே உச்சுக் கொட்டியது. பள்ளியில் போய்க் கேட்டதற்கு, “நல்லதுக்குத்தானே போட்டோம்” என்றார்கள். அதன்பிறகு பள்ளியிலிருந்து யார் வந்தாலும் கதவைத் திறக்காத நான், இவருக்கு மட்டும் திறந்தேன்.

ஒருநாள் மகள் முதல்முறையாகச் சுவரைப் பிடிக்காமல் நின்றாள். வந்ததற்கு அத்தாட்சியாகப் போட்டோ அனுப்பாததால் இவர் வந்து போவதையே கல்வி ஆபீசில் நம்புவதில்லை என்று எனக்குத் தெரியும்.

“ஒரு போட்டோ எடுத்துக்கோங்க டீச்சர்.”

“பாப்பாவுக்காகச் சொல்றீங்களா, எனக்காகவா?”

“உங்களுக்காகத்தாங்க.”

“அப்ப வேணாங்க” என்று தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

வெளியே, வெயிலில் நின்ற வண்டிக்குள் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் என் மகள் நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.