தவிட்டுக்கு வாங்கிய பெயர்

மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்திருக்கிற ஒருவனைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கப் பெரிய மனசு வேண்டும். எழுபதுகளின் நெய்வேலியில் அந்த மனசுக்குக் கொஞ்சம் தட்டுப்பாடுதான். மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணை வாரிப் போடுவது அவன் வேலை. 'மண்ணாங்கட்டியே மண்ணை வாருது பார்' என்று சொல்ல ஷிப்டுக்கு ஒருவனாவது இருப்பான். அதைத் தானே கண்டுபிடித்துச் சொன்னதாக ஒவ்வொருவனுக்கும் பெருமை வேறு. அவனும் கூடச் சிரித்து வைப்பான். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

அவன் சொந்த ஊர் பக்கத்தில் இருக்கிற முத்தாண்டிக்குப்பம். அவனுக்கு முன்னால் பிறந்ததெல்லாம் தொட்டிலைத் தாண்டவில்லை. அவன் பிறந்ததும் அம்மா கலியம்மாள் அந்தப் பக்கத்து வழக்கப்படி பிள்ளையைக் குப்பைமேட்டில் புரட்டிப் போட்டாள். அடுத்த வீட்டுக்காரி அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டாள். அப்புறம் கலியம்மாளே ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து, தன் பிள்ளையை அவளிடம் விலைக்கு வாங்கினாள். அந்த விலைக்குத் தகுந்த மாதிரி ஒரு பெயரையும் வைத்தாள். உயிரெடுக்க வருகிறவன் பெயரைக் கேட்டதுமே 'சீ, இதுவா' என்று முகம் சுளித்துக்கொண்டு போய்விடுவான் என்பது நம்பிக்கை. பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் எமன் ஒரு தரம் கேட்டுவிட்டுப் போன பெயரை ஊர் ஜனம் தினமும் கேட்டது. பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கும்போது கேட்டது, வேலைக்கு ஆள் எடுத்தபோது கேட்டது. 'இது கூப்பிடுற பேரா, வைக்கிற பேரா' என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டே விசாரித்தார்.

ஆகவே கல்யாணம் ஆனதும் அவன் எடுத்த முதல் சபதம், தன் பிள்ளைகளுக்குத் தேனாக இனிக்கிற பெயர்தான் வைப்பது. மூத்தவனுக்கு இளங்கதிர் என்று வைத்தான். காய்ச்சலில் போனான். அடுத்தவளுக்கு மணிமொழி. அவள் ஜன்னி கண்டு போனாள். மூன்றாவதாக வயிற்றில் தங்கியபோது அவன் மனைவி செங்கமலம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். இந்தப் பிள்ளையைக் குப்பையில் புரட்டித் தவிட்டுக்குத்தான் வாங்க வேண்டும், பெயரும் அதற்கேற்ற மாதிரிதான் இருக்க வேண்டும். அவனும் ஒரே பேச்சாக முடியாது என்றான். தான் பட்டது போதாதா என்று கேட்டான். அன்றைக்கு ஆரம்பித்த சண்டை, சத்தமே இல்லாமல் பல மாதம் அந்தக் குவார்ட்டர்ஸில் நடந்தது. அவள் குழம்பு ஊற்றுகிற விதத்திலும் சண்டை, அவன் செருப்பை உதறிவிடுகிற விதத்திலும் சண்டை.

வீட்டில் இருப்புக் கொள்ளாத மனுஷனுக்கு ஒரே ஒரு புகலிடம் இருந்தது. அது எழுத்து. டவுன்ஷிப்பில் அவர்கள் இருந்த பிளாக்கில் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடந்தது. நடத்தியவர் சோமசுந்தரம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஆபீசில் கிளார்க், முத்து முத்தான கையெழுத்து. ஒரே ஒரு பிரதிதான். அது வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் இரண்டு நாள் தங்கி அடுத்த வீட்டுக்கு நகரும். கடைசியில் சில பக்கங்களை வெற்றாக விட்டிருப்பார். படித்தவர்கள் அதில் அபிப்பிராயம் எழுத வேண்டும். அந்தப் பத்திரிகையில் தென்றலரசன் என்ற பெயரில் மாயாஜாலத் தொடர்கதை எழுதி வந்தது நம் மண்ணாங்கட்டிதான். செங்கமலத்தையும் சோமசுந்தரத்தையும் தவிர இது யாருக்கும் தெரியாது.

கதையில் இரண்டு தேவர்கள். மலை உச்சியில் பளிங்கு மண்டபத்தில் இருக்கிறவன் அமுதேசன். அமாவாசைக்கு அமாவாசை ஊருக்குள் இறங்கி வந்து, ஏதாவது ஒரு தொட்டிலில் இருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் கிரீடத்தில் நட்சத்திரமாகப் பதித்துக்கொள்வான். மலைக்குக் கீழே சுடுகாட்டு ஓரத்தில் இருக்கிறவன் எச்சிலாண்டி. ஊரார் எறிகிற எச்சிலைத் தின்கிறவன். உச்சிக்குத் திருட்டுத்தனமாக ஏறி, கிரீடத்திலிருந்து குழந்தைகளைப் பிடுங்கி வந்து, குகையில் வைத்துப் பிச்சை எடுத்துச் சோறு போட்டு வளர்ப்பான். அந்த மாதிரிப் பெயர் கொண்ட ஒருவனை இந்த பிளாக்கு ஜனம் முழுவதும் நேசிக்க வேண்டும் என்பது அவனுக்கு உள்ளூர இருந்த ஆசை. ஏன் அப்படி ஓர் ஆசை என்று அவன் தன்னிடமே கேட்டுக்கொண்டதில்லை.

ஜனம் எங்கே நேசித்தது? ஒவ்வொரு இதழும் சுற்றி முடித்து வந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு சோமசுந்தரம் வீட்டுக்கு ஓடுவான். கடைசிப் பக்கத்தைப் புரட்டுவான். 'எச்சிலாண்டி குழந்தைகளைக் குகையில் அடைத்து வைத்துச் சோறு போடுவது பலி கொடுக்கத்தானே?' என்று ஒருவர் எழுதியிருப்பார். அமுதேசன் குழந்தையைத் தூக்கிப் போவதில் ஏதோ ஒரு தெய்வ ரகசியம் இருக்கிறது, போகப் போகத் தெரியும் என்று இன்னொருவர். அடுத்த இதழிலாவது அந்தப் பிசாசை ஒழித்துக்கட்டவும் என்று ஒரு ஃபோர்மேன் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார். எச்சிலாண்டியை இன்னும் நல்லவனாக எழுதினால் சரியாகிவிடும் என்று அவன் எழுதிப் பார்த்தான். காய்ச்சல் கண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எச்சிலாண்டி விடிய விடிய நடப்பதாக ஒரு அத்தியாயம். எழுதும்போது அவனுக்கே கண்ணில் நீர் முட்டியது. 'நல்ல நடிப்பு' என்று வந்தது அபிப்பிராயம்.

அவனுக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. பெல்ட்டுக்கடியில் மண்ணை வாரும்போதும் கதைதான், வரிசையில் நின்று பஸ் ஏறும்போதும் கதைதான். செய்வது என்ன என்று பார்க்க இவர்களுக்குக் கண்ணே கிடையாதா? ஒரு நாள் வேலை முடிந்து வந்தவன், சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அடுத்த அத்தியாயத்தை எழுதினான். அதில் ஒரு முனிவர் வருகிறார். ஆதியில் சுவடி எழுதியவன் பெயர்களை இடம் மாற்றி எழுதிவிட்டான் என்கிறார். மலை மேல் இருப்பவன்தான் எச்சிலாண்டியாம், குகையில் இருப்பவன் அமுதேசனாம். அவ்வளவுதான். மற்றபடி அவனவன் அவனவன் காரியத்தையே செய்துகொண்டிருந்தான். மேலே இருக்கிறவன் தூக்கிப் போனான், கீழே இருக்கிறவன் சோறு போட்டான்.

அந்த இதழ் சுற்றுக்குப் புறப்பட்ட வாரத்தில் செங்கமலத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. எழிலரசி என்று அவன் மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தான். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை. முப்பது நாள் கழிந்து வருகிற வெள்ளிக்கிழமை தொட்டில் போட்டுப் பெயர் வைப்பதாக இருந்தது. செங்கமலம் பிள்ளையை மடியை விட்டு இறக்கவில்லை. குளிக்கப் போனாலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளித்தாள்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னதாகவே பத்திரிகை, சுற்றின் பாதியில், அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவன் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனான். அமுதேசன் குகையில் கிடந்து படும் பாட்டைப் படித்து அழுதுவிட்டோம் என்று எழுதியிருந்தது. மலை மேல் இருக்கும் அந்த எச்சிலாண்டியின் அட்டூழியம் எப்போது ஒழியும் என்று அதே ஃபோர்மேன், அதே அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார். அதுவரை படித்திருந்த பத்து வீட்டுக்காரர்களும் அப்படியே திரும்பி நின்றிருந்தார்கள். ஒருவருக்காவது, நேற்று வரை நாம் வேறு மாதிரியல்லவா பேசினோம் என்ற கூச்சம் இல்லை.

அவனுக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் ஆத்திரம். பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு போய் செங்கமலத்தின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினான். பெயர் என்பது இவ்வளவுதான், ஜனங்களின் மடத்தனம்தான், வேறு ஒன்றும் இல்லை என்று கை ஆட்டி ஆட்டிப் பேசினான். இந்த மடத்தனத்துக்குப் பயந்துகொண்டு பெற்ற பிள்ளைக்கு ஒரு கேவலமான பெயர் வைக்க வேண்டுமா என்று கேட்டான். வாதத்தில் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தான்.

செங்கமலம் பிள்ளையைத் தட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"ரெண்டு புள்ளய குடுத்துட்டு உக்காந்துகினு இருக்கறவ நான். மலைமேல இருக்கறவன்தான் தூக்கினு போறான்னு நீங்க பச்சையா எழுதியிருந்தீங்க. அதப் படிச்சுட்டும் நான் அவனத்தாங்க மனசுல கும்புட்டேன். சோறு போட்டவன, இவன் எப்ப சாவான்னு பாத்துகினு இருந்தேன். பேருதான் காரணம். வேற இன்னா?"

அவன் வாயைத் திறந்தான். அவள் விடவில்லை.

"பேர மாத்துனீங்க, பிளாக்கே மாறிப்போச்சி. அதப் படிச்சதும் நானும் மாறிப்போனேன். இம்மாம் படிச்ச ஜனங்க ஏமாறுதே, உசுரெடுக்க வர்றவன் ஏமாறமாட்டானா?"

அவன் கதையையே எடுத்து அவன் வாயை அடைத்துவிட்டாள். பத்திரிகையை மூடி வைத்தான். ஒரு முறம் தவிட்டைச் சுமந்துகொண்டு அடுத்த வீட்டு வாசலில் தன் அம்மா நின்றிருந்ததை, தெரிந்த கதையாக இல்லாமல், முதல் தடவையாகக் கண்ணால் பார்ப்பதுபோல் பார்த்தான். அவளும் முன்னால் போன பிள்ளைகளை எண்ணிக்கொண்டுதானே நின்றிருப்பாள். இந்தப் பெயரை வைத்ததற்காக அவள் சாகிற வரைக்கும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தோமே என்று நொந்துகொண்டான். மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு முத்தாண்டிக்குப்பத்துக்குப் போய்த் தவிடு வாங்கி வந்தான்.

தவிடு கிடைத்துவிட்டது, குப்பைமேட்டுக்கு எங்கே போவது? டவுன்ஷிப்பில் எல்லாம் சுத்தம். தெருமுனையில் சிமெண்டில் கட்டிய குப்பைத்தொட்டி ஒன்றுதான் உண்டு. அதில் அடுப்புச் சாம்பலும் முருங்கைக் குச்சியும் கிடந்தன. வெள்ளிக்கிழமை காலையில் செங்கமலம் அதன் ஓரத்தில் ஒரு பழைய துணியை விரித்து, பிள்ளையைக் கிடத்தி, ஒரு பிடி சாம்பலை அள்ளித் தலையைச் சுற்றிப் போட்டாள். சோமசுந்தரத்தின் மனைவி சந்திரகலாதான் பிள்ளையைப் பொறுக்கி எடுக்க வந்தவள். அவர்கள் ஊரில் இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. என்ன சொல்லி எடுக்க வேண்டும் என்று கேட்டாள். ஒன்றும் சொல்ல வேண்டாம், யாரோ போட்ட குப்பை என்று மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள் செங்கமலம். சந்திரகலா பிள்ளையை எடுத்தாள். எடுத்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. தவிட்டை வாங்கிக்கொண்டு பிள்ளையைத் திரும்பக் கொடுத்தாள்.

தொட்டிலில் போட்டு, அவன்தான் காதில் பெயரைச் சொல்ல வேண்டும். குனிந்தான். எழிலரசி என்ற பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, குப்பம்மா என்றான். மூன்று தரம் சொன்னான். அன்றைக்கு மத்தியானம் செங்கமலம் கதவைச் சாத்திக்கொண்டு அசந்து தூங்கினாள்.

பெயரைப் பதியப் போன இடத்தில் இருந்தவர் நல்ல மனுஷர். இந்தக் காலத்தில் இப்படி வைப்பார்களா, குழந்தை பின்னால் வருத்தப்படும், ஒரு நல்ல பேராகச் சொல்லுங்கள் என்றார்.

"இதவிட நல்ல பேரு எங்ககிட்ட இல்லீங்க" என்றான் மண்ணாங்கட்டி.

அத்துடன் மனசு ஒருவழியாக அடங்கிவிட்டது என்றுதான் நினைத்தான். பத்திரிகை சுற்று முடிந்து வந்துவிட்டதாகச் சொல்லி அனுப்பியிருந்தார் சோமசுந்தரம். காலை ஷிப்டு முடிந்து வருகிற வழியில் எட்டிப் பார்த்தான். அவர் முகமெல்லாம் பல்லாக இருந்தார். தென்றலரசனுக்கு ஏற்ற வாசகி இப்போதுதான் கிடைத்திருக்கிறாள் என்று கடைசிப் பக்கத்தை நீட்டினார். சுற்றின் கடைசி வீடு, ஒரு ஃபிட்டருடைய மனைவி, வள்ளியம்மாள். இதுவரை ஒரு வரி எழுதாதவள். கோணல் மாணலான எழுத்தில் இப்படி எழுதியிருந்தாள்:

'பேர் மாறினதைப் பார்த்தேன். எனக்குப் பேர் முக்கியம் இல்லை. தொட்டிலில் கை வைக்கிறவன் யார், சோறு போடுகிறவன் யார் என்று முதல் இதழில் இருந்தே அவரவர் செய்கிறதைத்தான் பார்த்து வருகிறேன். பேரைச் சொல்லி என்னை ஏமாற்ற முடியாது.'

இப்படி ஒரு ஆளுக்காகத்தானே எழுத ஆரம்பித்த நாளிலிருந்து தவம் கிடந்தான். சோமசுந்தரம் அவன் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினார். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஏமாறாத ஒருத்தி இருக்கிறாள். ஒருத்தி இருந்தால் ஒருவனும் இருப்பான் அல்லவா? பெயரைக் கேட்காமல் நேராகத் தொட்டிலுக்குள் எட்டிப் பார்க்கிற ஒருவன். காபி சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று சோமசுந்தரம் சொன்னது காதில் விழவில்லை. சைக்கிளை மிதித்தான்.

வீட்டில் செங்கமலம் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஏதோ பாட்டுகூட முணுமுணுத்தாள். அவன் அவளைத் தாண்டி உள்ளே ஓடினான். தொட்டிலில் பிள்ளை தூங்கியது. மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தான். மூச்சு சூடாக, ஒழுங்காக வந்தது. அதற்குப் பிறகும் விரலை எடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

"குப்பம்மா" என்று கூப்பிட்டான். போதாது, வருகிறவன் காதில் விழ வேண்டும் என்று பட்டது. ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்து, வெளியே பார்த்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டான்.

"தூங்கற புள்ளய எதுக்குங்க எழுப்பறீங்க" என்று ஈரத் துணியும் கையுமாக உள்ளே வந்தாள் செங்கமலம்.

"எழுப்பல. கூப்புடறேன்" என்றான்.

வாசலுக்கே வந்து நின்று, தெருவெல்லாம் கேட்க, "ஏ குப்பம்மா" என்று கத்தினான். ஷிப்டு விட்டுப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நன்றாகச் சிரிக்கட்டும் என்று இன்னும் உரக்கக் கூப்பிட்டான்.